நாம் காலி செய்த வகுப்பறை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. நீ நலமாக இருப்பது தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதான் வந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். நானும் நலம்தான், முட்டிவலியைத் தவிர. இதைக் கோபத்தில் எழுதுகிறேன். ஆறப்போட்டு எழுதுங்கள் என்று உன் அம்மா சொன்னாள். மூன்று நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே ஆளைக் கவிழ்த்துவிடுவாய். அதனால்தான் காகிதம், இன்றைக்கே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். நீ கன்னடத்தில் படித்தவன், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். நல்லதாகப் போயிற்று. ஒவ்வொரு எழுத்தாகவே படி.

வியாழக்கிழமை உன் அக்கா செல்வி கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு நீ வேலை பார்க்கிற ஸ்கூலுக்கு வந்தாள். கூட ஒரு பெண் பிள்ளை. பெயர் ரேணுகா. ராய்ச்சூர் பக்கத்திலிருந்து ரோடு தோண்டுகிற வேலைக்கு வந்த குடும்பம். செல்வி ஃபாக்டரிக்குப் போகிற வழியில், காம்பவுண்டு சுவரை ஒட்டி நீலத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஊரில் ஏழாவது பாஸ் பண்ணியிருக்கிறாள். டி.சி.யை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மழையில் நனையாமல் வைத்திருக்கிறாள். எட்டாவதில் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. உன் ஹைஸ்கூலில் அட்மிஷன் மேஜையில் உட்கார்ந்திருப்பது தன் தம்பி என்கிற தைரியத்தில் செல்வி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நீ ஃபாரத்தைப் பார்த்தாய். அட்ரஸ் கட்டத்தில் ஒன்றும் இல்லை. "அக்கா, ரூல்ஸ் இருக்குக்கா. ரேஷன் கார்டு, கரன்ட் பில்லு, எதுனா ஒண்ணு கொண்டாரச் சொல்லு. ப்ரூஃப் இல்லாம நான் பேரை ஏத்தினா நாளைக்கு என் தலைதான் உருளும்" என்றாய். அதோடு விட்டாயா? இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய். நீ திட்டி அனுப்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. அந்த டீதான் எரிகிறது.

சாயங்காலம் செல்வி வீட்டுக்கு வந்தாள். "இன்னாம்மா, அந்தப் புள்ளைய சேத்துக்கினாங்களா?" என்று கேட்டேன். "இல்லப்பா. அட்ரஸ் கேக்குறான்" என்றாள். அவ்வளவுதான். டிபன் டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால், உன்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால், இந்தக் கடிதம் வந்திருக்காது. முப்பது வயதுப் பெண், குழாயடியில் குனிந்து, கழுவிய டப்பாவையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். எதற்கு என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வைத்தவன் நான். அந்தத் தப்பைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் முன்னால் நீ ஒரு கதை சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "லீவு விட்டதுக்கு அப்புறமும் ஸ்கூல்லயே தங்கினவன் நான் ஒருத்தன்தான் மாமா. ரெண்டு மாசம்! பெஞ்ச ஒண்ணா சேத்து அதுல தூக்கம், கிரவுண்டு முழுக்க நம்மளுது, செம ஜாலி!" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உன் அம்மா பந்தி பார்க்கிற சாக்கில் எழுந்து போனாள். செல்வி உன் மாமியாருக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவள் அவ்வளவு அழுத்தக்காரி. அந்த ஜாலிக்குப் பெயர் என்ன என்று இப்போது சொல்கிறேன். வீடில்லாமல் நின்றோம். அதுதான் பெயர்.

தொண்ணூற்றி இரண்டாம் வருடம். உனக்கு ஆறு வயது ஆகப்போகிறது. நீலசந்திராவில் பெரிய மோரியை, அந்தச் சாக்கடைக் கால்வாயை ஒட்டி இருந்த குடிசை வரிசையில் நம்முடையது நான்காவது. மோரியை அகலப்படுத்த வேண்டும் என்று ஏப்ரல் மாதம் மிஷினோடு வந்தார்கள். காலையில் வந்தார்கள், மத்தியானத்துக்குள் வரிசையே இல்லை. மாற்று இடம் கொடுக்கும்வரை இங்கே இருங்கள் என்று பக்கத்தில் இருந்த பிரைமரி ஸ்கூலைத் திறந்துவிட்டார்கள். லீவு நேரம், மூன்று வகுப்பறை, ஒன்பது குடும்பம். நீ "ஏம்ப்பா ஸ்கூலுக்கு மூட்டை எடுத்துக்கினு போறோம்?" என்று கேட்டாய். நான் "லீவுக்கு ஸ்கூல்ல தங்கப் போறோம்டா, எல்லாருக்கும் கெடைக்காது" என்றேன். நீ குதித்தாய். அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு பொய்யைப் பதினேழு வருடமாக இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

செல்வி அப்போதுதான் ஏழாவது முடித்திருந்தாள். அதே ஸ்கூலில், தமிழ் செக்‌ஷனில். முதல் மார்க் இல்லை, ஆனால் கணக்கில் அவளை யாரும் அசைக்க முடியாது. நாம் இருந்த அறையில் சுவர் நிறையக் கரும்பலகை. சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, ஒன்பது குடும்பத்துப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, தினமும் காலையில் கிளாஸ் எடுத்தாள். உனக்கு அ, ஆ போட்டுக் கொடுத்தது அந்தப் பலகையில்தான். சோற்றுப் பானை ஒரு மூலையில், துணி மூட்டை ஒரு மூலையில், நடுவில் இவள் கையைக் கட்டிக்கொண்டு டீச்சர் மாதிரி நடப்பாள். "எட்டாவது போனா இங்கிலீஷ் கிராமர் பெருசா இருக்குமாமே, அப்பா?" என்று என்னிடம் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? "பாத்துக்கலாம்மா" என்பேன்.

இனி என் தப்பு. மே மாதம் நடுவில் அந்த ஸ்கூல் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் சுண்ணாம்பு அடிக்கிறவன் என்று அவருக்குத் தெரியும். வருடா வருடம் ஸ்கூல் திறக்கும் முன்னால் அங்கே வெள்ளையடிக்கிற காண்ட்ராக்டரிடம்தான் எனக்கு வேலை. "ஜூன்ல ஸ்கூல் தொறக்கணும். அதுக்குள்ள வெள்ளையடிக்கணும். ஜனங்களை நீ சொல்லிக் காலி பண்ண வெச்சிடு. போலீஸ், கீலீஸ்னு போக வேணாம். உன் பொண்ணை ஹைஸ்கூல்ல சேக்கறது என் பொறுப்பு. அந்த ஹெட்மாஸ்டர் நம்ம ஆளு" என்றார். நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார். என் வாழ்க்கையில் ஒரு ஹெட்மாஸ்டர் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை. நான் அதில் உட்கார்ந்த சந்தோஷத்திலேயே விழுந்துவிட்டேன்.

மாற்று இடம் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் போனேன். பிள்ளைங்க படிக்கிற இடம், நாமே மறிச்சுக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும் என்று நியாயம் பேசினேன். மூட்டை தூக்கக்கூட உதவி செய்தேன். அடுத்த அறையில் அந்தோணியம்மா என்று ஒருத்தி, இட்லி விற்கிறவள், மூன்று பிள்ளைகள். "இங்கருந்து எயிந்துட்டா அப்புறம் ஒருத்தனும் நம்மள கேக்க மாட்டான். நீ சொல்றியேன்னு போறண்ணா" என்றாள். அவள் மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகள் அதற்குப் பிறகு எந்த ஸ்கூலிலாவது உட்கார்ந்தார்களா என்றும் தெரியாது. ஒன்பது குடும்பம் அந்த ஸ்கூலுக்குள் இருந்தவரை அரசாங்கத்துக்கு நாம் ஒரு தலைவலி. வெளியே போன மறுநாள் நாம் ஒன்றுமே இல்லை. அந்தத் தலைவலியைத் தீர்த்து வைத்த வைத்தியன் உன் அப்பன்.

எல்லோரும் போன பிறகு நானே அந்த அறைக்கு வெள்ளையடித்தேன். சுண்ணாம்பில் நீலம் கலந்து இரண்டு கோட்டிங். கடைசியில் கரும்பலகைக்குக் கறுப்பு பெயிண்ட். செல்வி எழுதிய வகுத்தல் கணக்கு ஒன்று பாதியில் நின்றிருந்தது. அதன்மேல் பிரஷ்ஷை இழுத்தேன். கை கொஞ்சமும் தயங்கவில்லை. புதுப் பலகை பளபளவென்று இருந்தது, வேலை சுத்தம் என்று காண்ட்ராக்டர் பாராட்டினான். நாம் நான்கு பேரும் நான் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தின் சிமெண்ட் கொட்டகைக்குப் போனோம்.

ஜூன் மாதம் உன்னை ஒன்றாவதில் சேர்க்க அதே ஸ்கூலுக்குப் போனேன். கன்னட செக்‌ஷனில் போடு, நாளைக்கு வேலைக்கு உதவும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஃபாரம் எழுதியது ஒன்றாம் வகுப்பு மிஸ். குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இருப்பார். அட்ரஸ் என்றார். நான் ரேஷன் கார்டை நீட்டினேன். பக்கத்தில் நின்றிருந்த ஹெட்மாஸ்டர், "அந்த எடமே இப்ப இல்லையே" என்றார். எனக்கு நாற்காலி போட்ட அதே மனுஷன்தான். மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "எரடு திங்களு எல்லித்தரு? இல்லே தானே?" என்று அவரைக் கேட்டார். இரண்டு மாதம் எங்கே இருந்தார்கள், இங்கேதானே என்று. ஹெட்மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அட்ரஸ் கட்டத்தில் அந்த ஸ்கூலின் அட்ரஸையே எழுதிவிட்டார். "நான் ஒண்ணும் பொய் எழுதல சார்" என்று, எனக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னார். நீ படித்தது அந்த ஒரு வரியால். பி.யு.சி. முடித்ததும், பரீட்சை எழுதி கிளார்க் வேலை வாங்கியதும், இன்றைக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் அந்த ஒரு வரியால். நம்பிக்கை இல்லை என்றால் அந்த ஸ்கூலின் பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரை எடுத்துப் பார். உன் பெயருக்கு நேரே ஸ்கூல்தான் உன் வீடு.

செல்விக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. ஹைஸ்கூல் வேறு கட்டடம், வேறு ஆட்கள். அங்கேயும் அதே பேச்சு: கார்டில் இருக்கிற இடம் இப்போது இல்லை, வேறு ப்ரூஃப் கொண்டு வா. மர்பி டவுனில் உன் தாய்மாமன், "என் அட்ரஸைப் போட்டுக்க மச்சான், வீட்டுக்காரர்கிட்ட நான் எயிதி வாங்கித் தரேன்" என்றான். நான் வேண்டாம் என்றேன். ஹெட்மாஸ்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார், நாம் ஏன் அடுத்தவன் அட்ரஸில் போய் நிற்க வேண்டும் என்று பெரிய இவன் மாதிரி பேசினேன். தினமும் அவரைப் பார்க்கப் போவேன். நாளைக்கு என்பார். மீட்டிங் என்பார். செல்வி தினமும் தலை வாரி, ரிப்பன் கட்டி, டி.சி.யோடு கொட்டகை வாசலில் தயாராக நிற்பாள். கடைசியில் அட்மிஷன் முடிந்துபோயிற்று. ஹெட்மாஸ்டரிடம் போய்க் கத்தினேன். "சேக்கறேன்னு நான் எப்ப சொன்னேன்? சொல்லிப் பாக்கறேன்னுதானே சொன்னேன்?" என்றார். அடுத்த வருடம் கேட்டபோது ஒரு வருடம் விட்டுப்போன பிள்ளை, டி.சி. பழையது என்றார்கள். அதற்கடுத்த வருடம் அவளே ஃபாக்டரிக்குப் போகிறேன் என்றாள். வயதைக் கூட்டிச் சொல்லி ஹெல்பராகச் சேர்ந்தாள். நூல் வெட்டுகிற வேலை. உன் முதல் ஸ்கூல் பை அவள் வாங்கித் தந்ததுதான். சிவப்புக் கலர், உனக்கு அது ஞாபகம் இருக்கும்.

அந்த ஹெட்மாஸ்டர் மேல் எனக்கு ஆத்திரம் தீரவே தீராது. அவர் செத்துப்போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோதுகூடத் தீரவில்லை. அதைவிட அதிக ஆத்திரம் என்மேல். பிறகு நமக்கு வாடகை வீடு கிடைத்ததும் முதல் வேலையாக உன்னை உட்கார வைத்து அட்ரஸை மனப்பாடம் செய்ய வைத்தேன். யார் கேட்டாலும் டோர் நம்பரோடு சொல்ல வேண்டும், முன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்டால் ஊரில் இருந்தோம் என்று சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். செல்வியிடம், தம்பிக்கு எதுவும் சொல்லாதே, அவன் தலை குனியக்கூடாது என்றேன். அவள் சரி என்றாள். உன் தலை குனியவே இல்லை. குனிந்து எதிரில் நிற்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட உனக்குத் தெரியாமல் போயிற்று. வெட்கப்பட வேண்டியவர்கள் குடிசையை இடித்தவர்களும், வாக்குக் கொடுத்து ஏமாற்றியவரும். அவர்கள் வெட்கத்தை எல்லாம் நான் வாங்கி வீட்டுக்குள் ஒளித்து வைத்தேன். என்ன புத்தியோ எனக்கு!

உன் அம்மா உன் பக்கம்தான். "பேசாம இருங்க, புள்ள வேலையில சேந்து ரெண்டு வருசம்கூட ஆகல, மெமோ கொடுத்துட்டா யாரு பாக்கறது?" என்கிறாள். நீ பயப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை. கவர்மெண்ட் வேலையின் அருமை சுண்ணாம்பு அடித்தவனுக்குத்தான் தெரியும். ஆனால் நான் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை எங்கே தூங்குகிறது என்பது எட்டாம் வகுப்புக்கு எதற்கு? அவளுக்கு என்ன லெட்டரா போடப்போகிறாய்? மேஜையில் ஃபீஸ் கட்டின சலான் கேட்கிறாய், சரி. டி.சி. கேட்கிறாய், சரி, அதைத்தான் அவள் மழையில் நனையாமல் வைத்திருக்கிறாளே. கரன்ட் பில் கேட்கிறாயே, தார்ப்பாய்க்கு யார் கரன்ட் கொடுத்தார்கள்? நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு ஸ்கூல் சுவரில் நான் கன்னடத்தில் பெயிண்ட் அடித்தேன். எனக்கு அந்த எழுத்து தெரியாது, கோடு போட்டுக் கொடுத்ததற்குள் கலரை நிரப்பினேன். சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு நீதான் படித்துச் சொன்னாய்: எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரட்டும். எல்லா என்றால் எல்லாரும்தானே அப்பா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். இப்போது டெல்லியில் இதற்கென்று ஒரு சட்டமே போடப்போகிறார்களாம், பேப்பரில் வந்தது. சட்டம் வந்த பிறகுதான் உன் பேனாவில் மை இறங்குமா? அந்த மிஸ்ஸுக்கு எந்தச் சட்டம் இருந்தது?

ரேணுகா உன்னிடம் உதவி கேட்டு வரவில்லை. படிப்பு அவளுடையது, எடுக்க வந்தாள். நீ அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு டீ கொடுத்தாய். உன் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னாய். ஒரு பெண்ணுக்கு ஒரே கதவை எத்தனை தடவை சாத்துவீர்கள்?

அட்மிஷன் செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது என்று செல்வி சொன்னாள். திங்கட்கிழமை காலையில் அவளுக்கு லீவு கிடைக்காது. அதனால் ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு நான் வருகிறேன். வரிசையில்தான் நிற்பேன். என் முறை வரும்போது அப்பா என்று எழுந்திருக்காதே, உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்காதே. எனக்கு நாற்காலி போடுகிறவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் பயம். எல்லோரையும் கேட்கிற மாதிரி பெயர் கேள், வயது கேள், டி.சி. கேள். அட்ரஸ் என்று கேள். நீ உட்கார்ந்திருக்கிற அந்த ஸ்கூலின் அட்ரஸைச் சொல்வேன். எழுது. பொய்யாக எழுதுகிறோமே என்று உனக்குச் சங்கடமாக இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ஒரு பாயும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வருகிறேன். நீ எழுதுகிறவரை அவளும் நானும் உன் வராந்தாவில்தான் இருப்போம். அப்போது அது உண்மையான அட்ரஸ்தானே? போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடு, யாரையாவது நாற்காலி போட்டு என்னிடம் பேச வைத்தாலும் வை. ஒரு தடவை ஸ்கூலைக் காலி செய்து கொடுத்துவிட்டேன். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

உன் அப்பா